குட்டியும் தாயும்

எல்லாம் தேவகிருபையால் நடப்பதென்றால், ஞாயிறு காலை ஆராதனைக்குப் போகாமல் நான் தூங்குவதற்குப் பொறுப்பாளி யார்?
(ஒரு வாசகர், கிழக்குத் தாம்பரம்)

தூங்குபவர் தாங்கள்தாம், எழுந்தபின் மனம் உறுத்துகிறதே, அந்த உறுத்தலை அனுப்பியவர் யார்?

மனிதன் தன் சுயாதீனத்தாலேயே பாவத்தை வெல்லலாமென்ற பெலாகியுசுக்கும், நன்மையை விரும்புவதற்கே கிருபை வேண்டுமென்ற அகஸ்தீனுக்கும் ஐந்தாம் நூற்றாண்டில் மூண்ட விவாதத்தையே, நம் வைஷ்ணவர்கள், தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டி என்றும் தாயே கவ்விச் செல்லும் பூனைக்குட்டி என்றும், வடகலை தென்கலையாய் நின்று வேறொரு சந்நிதியில் நிகழ்த்தினார்கள். 1938 டிசம்பரில் தங்கள் ஊர்க் கிறிஸ்தவக் கல்லூரியிலே கூடிய உலக மிஷனரி மகாநாட்டிலும், மனிதப் பிரயத்தனத்துக்கும் தேவ வெளிப்பாட்டுக்கும் தொடர்ச்சியில்லை என்ற ஹென்ட்ரிக் கிரேமரின் நூலே பெரும் விவாதத்தை எழுப்பிற்று.

கவ்வுவதற்குத் தாய் வந்திருக்கையில் போர்வைக்குள் ஒளியும் குட்டியை இரு கட்சியாரும் ஒப்புக்கொண்டதில்லை. அடுத்த ஞாயிறு எழுந்துவிடுங்கள்.