டர்ன்பக்கிள் தாத்தா

குளிர்காலம் வந்தால் அரிசோனாவின் குவார்ட்சைட் பாலைவனத்தில் வண்டிவீடுகள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கும். கூடவே டர்ன்பக்கிள் தாத்தாவும் வருவார். பணி ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் டார்ச், கையில் ஸ்பானர். முதுகுத் தொட்டியில் கேம்பர் என்ற கூண்டுவீட்டைச் சுமந்த பிக்கப் டிரக் ஏதாவது புதிதாக வந்து நின்றால், வந்தவர் எஞ்சினை அணைப்பதற்குள் இவர் வண்டிக்கு அடியில் இருப்பார்.

ஊர், பேர் கேட்க மாட்டார். "கட்டு எதுல தம்பி? சேஸிஸ்லயா, தொட்டியிலயா?"

கேம்பரை டிரக்கோடு கட்டுவதில் வடகலை, தென்கலை போல இரண்டு கட்சிகள். டார்க்லிஃப்ட் நிறுவனத்தின் கொக்கிகள் டிரக்கின் அடிச்சட்டமான சேஸிஸைப் பிடிக்கும். தொட்டியின் தகட்டிலேயே போல்ட் போட்டு மாட்டுபவை மற்ற வகை. தாத்தா தீவிர சேஸிஸ் கட்சி. "2015லேர்ந்து எஃப்-150 டிரக்கோட தொட்டி அலுமினியம். டகோமா டிரக்கோட தொட்டி 2005லேர்ந்து பிளாஸ்டிக் கலவை. ஒரு டன் கேம்பரை வாஷரை நம்பி விடுவியா?" என்பார்.

ஃபோர் வீல் கேம்பர்ஸ் நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள், கூரை மடங்கும் இலகுவான கேம்பரைத் தொட்டித் தரையில் ஐபோல்ட் போட்டு, உள்ளிருந்தே டர்ன்பக்கிள் என்ற திருகுக் கம்பியால் இறுக்கிக்கொண்டு, காடு மேடெல்லாம் சுற்றுகிறார்கள். அந்தப் பேச்சு வந்தால் மட்டும் தாத்தாவுக்குக் காது கேட்காது.

ஆனால் மனிதருக்கு விஷயம் தெரியும். பாறையில் ஒரு சக்கரம் ஏறி, அதே அச்சின் மறுபக்கச் சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது சேஸிஸ் முறுக்கிக்கொள்ளும். கட்டு விறைப்பாக இருந்தால் அந்த இழுப்பு முழுவதும் கேம்பரின் கொக்கியில் விழுந்து, மரச்சட்டத்தோடு பிய்த்துக்கொண்டு வரும். அதனால்தான் ஸ்பிரிங் வைத்த டர்ன்பக்கிள். "பலம் இருக்குன்னு முறுக்காதே, ஸ்பிரிங்குக்குக் கொஞ்சம் இடம் விடு" என்று பயில்வான்களை அடக்குவார். கேம்பர் வழுக்காமலிருக்க அடியில் ரப்பர் பாய். அதிர்வில் கழலாமலிருக்க லாக் நட். கிளம்பிச் சில மைல் போனதும் இறங்கி ஒரு சோதனை. ராட்செட் பட்டையால் கட்டி வந்தவரை மட்டும் துக்கம் விசாரிக்கும் முகத்தோடு பார்ப்பார்.

ஒருமுறை மனைவியோடு டெத் வேலியின் ரேஸ்ட்ராக் பாதைக்குப் போனார். உபஹீபி எரிமலைவாயிலிருந்து 27 மைல். வழியெல்லாம் அலையலையாக வரி விழுந்த சரளை மண். பார்க்கும் திருப்பத்திலெல்லாம் நிறுத்தி, நான்கு கட்டுகளையும் தட்டிப் பார்த்தார். கேம்பர் இம்மி நகரவில்லை.

போய்ச் சேர்ந்து கேம்பர் கதவைத் திறந்தால் உள்ளே ஒரே வெள்ளை. அலமாரியின் தாழ்ப்பாள் விழவில்லை. மாவு டப்பா கட்டில், அடுப்பு, தலையணை எல்லாவற்றையும் தரிசித்துவிட்டுத் தரைக்கு வந்திருந்தது.

"வெளியே நாலு கட்டு, உள்ளே ஒண்ணுகூட இல்லையா?" என்றார் அம்மையார்.

தாத்தா அலமாரியைச் சுற்றிச் சுற்றி ஆராய்ந்தார். சின்ன அளவில் ஸ்பிரிங் டர்ன்பக்கிள் ஒன்று போட்டால் போதும், பக்கச்சுவரில் துளை மட்டும் வேண்டும் என்றார். அவர் டிரில்லைத் தேடி எடுத்து வருவதற்குள் அம்மையார் கைப்பிடிகளில் ரப்பர் பேண்ட் ஒன்றை மாட்டிவிட்டு, துடைப்பத்தை அவரிடம் நீட்டினார்.