கரியார் அவசரத்துக்கு ஒரு பாராட்டுக் கடிதம்

நெய்வேலி,
ஆகஸ்ட் 2023

நவரத்தினப் பட்டம் பூண்ட என்.எல்.சி. இந்தியா நிறுவனத்தாரின் மேலான சமூகத்துக்கு,

ஜூலை 26 அன்று வளையமாதேவியில் தங்கள் பொக்லைன்கள் காட்டிய வேகத்தைக் கண்டு கடலூர் மாவட்டமே வாயடைத்துப் போயிருக்கிறது. சுரங்கத்துக்காகப் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்ட வேண்டும். வழியில் பச்சை நெல் நின்றது. நெல்லை மண்ணோடு சேர்த்துப் புரட்டிப்போட்டுவிட்டுக் கால்வாய் தன் போக்கில் நடந்தது. காவலுக்குப் போலீஸ் படை வேறு.

அறுவடைவரை இரண்டு மாதம் பொறுக்கக் கூடாதா என்று உயர் நீதிமன்ற நீதிபதி எம். தண்டபாணி கேட்டார். கரியாரின் சுபாவம் அவருக்குத் தெரியாது, பாவம். கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் படுத்துக் கிடந்தவர் நிலக்கரியாகிய நம் கரியார். 1930களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டியபோது லேசாக முகம் காட்டினார். 1956இல் கம்பெனி பிறக்கும்வரை பொறுத்தார். 1961இல்தான் மேலே வந்தார். அப்பேர்ப்பட்டவருக்கு இந்த ஆடியும் ஆவணியும் மட்டும் தாங்கவில்லை.

சனங்களுக்கு உள்ள குறை ஒன்றுதான்: கரியாரின் அவசரம் எல்லாக் காரியத்துக்கும் கிடைப்பதில்லை. நிலம் கொடுத்த வீட்டுப் பிள்ளை வேலை கேட்டு வந்தால் அவர் மறுபடி மண்ணுக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறார். ஒப்பந்தத் தொழிலாளி நிரந்தரம் கேட்டாலும் அதே தூக்கம்.

தொழிலாளியின் உயிர் விஷயத்திலும் அதே தூக்கம்தான். 2020 மே 7 அன்று தங்கள் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்தது. இரண்டு மாதம் முழுசாக ஆகவில்லை. ஜூலை 1 அன்று அதே நிலையத்தில் இன்னொரு கொதிகலன் வெடித்து ஆறு பேர் அங்கேயே செத்தார்கள், ஆஸ்பத்திரியில் மேலும் சிலர். நெல்லுக்குத் தர முடியாத அந்த இரண்டு மாதம் அன்றைக்குக் கையில் இருந்ததே, ஐயா! அள்ளிக் கொட்டிவிட்டுப் போக அந்தத் தொழிலாளிகள் என்ன மேல்மண்ணா?

போகட்டும், இது பாராட்டுக் கடிதம்.

தங்கள் பொருட்டுக் கொந்தளிக்கும் தலைவர்களையும் பாராட்டாமல் விட முடியாது. இந்த நிலங்கள் 2006 முதல் 2013 வரை கையகப்படுத்தியவை என்பது தங்கள் வாதம். அந்த ஆண்டுகளில் கோட்டையில் முதலில் தி.மு.க., பிறகு அ.தி.மு.க.; டெல்லியில் காங்கிரஸ்; 2009 வரை அதே மத்திய அமைச்சரவையில் பா.ம.க. அன்று ஒருவர் வீட்டுப் பொக்லைனும் குறுக்கே நிற்கவில்லை. இந்த ஜூலை 28 அன்று நெய்வேலி ஆர்ச் கேட்டில் பா.ம.க.வின் ரோஷம் முற்றி, கல்லும் கண்ணீர்ப்புகையும் பறந்தன.

முதல்வரோ ஏப்ரலில் டெல்டா நிலக்கரிச் சுரங்கங்களை அனுமதிக்கவே மாட்டோம் என்று சட்டமன்றத்தில் முழங்கினார். ஜூலையில் அவருடைய போலீஸ்தான் கரியாருக்குப் பாதுகாப்பு. வேளாண் அமைச்சரும் கடலூர் மாவட்டத்துக்காரர் என்பது கூடுதல் பெருமை. அந்த டெல்டா சுரங்க ஏலத்தை நிறுத்தவைத்தது தாங்களே என்று மார்தட்டும் பா.ஜ.க.வினருக்கு, என்.எல்.சி.யும் அதே நிலக்கரி அமைச்சகத்தின் பிள்ளைதான் என்பது ஞாபகமில்லை. 2013இல் தங்கள் பங்குகளைத் தமிழக அரசு நிறுவனங்கள் வாங்கியபோது ஊரே பட்டாசு வெடிக்காத குறை. ஆக, புரட்டிப்போட்ட பொக்லைனில் மாநில அரசுக்கும் ஒரு பல் சொந்தம்.

இனி விண்ணப்பம். நாசமான பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் தரச் சொல்லியிருக்கிறது நீதிமன்றம். அதைக் கொடுக்கும் ஜன்னலில் மட்டும் தயவுசெய்து கரியாரின் அவசரத்தை உட்காரவையுங்கள். அவருடைய தூக்கத்தை அல்ல. அப்பா பேரில் உள்ள பத்திரத்துக்கு வாரிசுச் சான்று, அதில் எழுத்துப்பிழைக்கு இன்னொரு சான்று, சாப்பாட்டு இடைவேளை, அடுத்த செவ்வாய் வா என்று இழுக்க வேண்டாம். முக்கியமாக, பயிருக்கு அடங்கல் நகல் கேட்டுவிடாதீர்கள். நிலம் தங்கள் பேரில் இருக்கிறது, பயிர் தங்கள் கால்வாய்க்கரையில் இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலர் எதைப் பார்த்து எழுதித் தருவார்?

இப்படிக்கு,
கரியாரைவிடப் பொறுமைசாலிகளான
கடலூர் மாவட்டத்து மக்கள்