பெட்டித் தொகுப்பியல்: முழுமை குறித்த ஓர் ஆராய்ச்சி

பழைய தொலைக்காட்சி நாடகங்களின் பாக்ஸ் செட்டுகளைச் சேர்ப்போருக்கு இலக்கணம் வகுக்க யாரும் முன்வராததால், இக்கட்டுரை அப்பணியை மேற்கொள்கிறது. ஆய்வெல்லை பிரிட்டன். அமெரிக்கத் தொடர்களைச் சேர்ப்போர் தனி மரபினர். அவர்களைப் பற்றி எழுதப் பக்கமும் பொறுமையும் போதா.

முதற்கண் வரையறை. சேகரிப்பவர் வேறு, பார்ப்பவர் வேறு. பார்ப்பவர் ஒரு தொடரில் பிடித்த பத்து அத்தியாயங்களைப் பார்த்துவிட்டுத் தூங்கப் போவார். சேகரிப்பவருக்கு அந்தப் பத்தும் பொருட்டல்ல. கையில் இல்லாத பதினொன்றாவதுதான் தூக்கத்தைக் கெடுக்கும். பெட்டியைச் சுற்றிய கண்ணாடித்தாளைக் கூடக் கிழிக்காமல் வைத்திருப்பவர் இத்துறையில் மூத்தவராக மதிக்கப்படுவார். உள்ளே டிஸ்க் இருக்கிறதா என்று அவரிடம் கேட்பது நாகரிகம் அன்று.

அப்படியானால் முழுமை என்பது எது? சுவடிப் பதிப்பாசிரியர்கள் பட்ட பாடெல்லாம் இங்கும் உண்டு. பிபிசி 1976-இல் ஒளிபரப்பிய ‘ஐ, கிளாடியஸ்’ தொடருக்கு அத்தியாயங்கள் எத்தனை? முதல் அத்தியாயம் இரட்டை நீளம். அதை ஒன்றாகக் கொண்டால் 12, இரண்டாகப் பிரித்தால் 13. ரோமாபுரி அரச குடும்பத்தில் விஷம் குடித்துச் சாவோர் எண்ணிக்கை இரண்டு கணக்கிலும் மாறுவதில்லை. ஆயினும் 12-ஐக் கொள்வாரும் 13-ஐக் கொள்வாரும் ஒரே மேசையில் தேநீர் அருந்துதல் அரிது.

‘அப்ஸ்டேர்ஸ், டவுன்ஸ்டேர்ஸ்’ தொடரில் நிலைமை இன்னும் சிக்கல். 1970 இறுதியில் ஐடிவி தொழிலாளர்கள் ஊதியத் தகராறில் வண்ணக் கருவிகளைத் தொட மறுத்தார்கள். அதனால் முதல் சில அத்தியாயங்கள் கறுப்பு வெள்ளையில் உருவாயின. பிறகு முதல் அத்தியாயத்தை மட்டும் வண்ணத்தில் மறுபடி எடுத்தார்கள். கறுப்பு வெள்ளையைத் தவிர்க்க விரும்பும் நாடுகளுக்காக அதற்கு வேறொரு முடிவையும் எடுத்து வைத்தார்கள். தயாரித்தவர்களே பாடபேதத்தை உண்டாக்கிக் கொடுத்த அரிய நிகழ்வு இது. ஊதிய உயர்வு கேட்ட ஒரு தொழிலாளி, ஐம்பது ஆண்டு கழித்து யாரோ ஒருவரை ஒரே தொடரின் இரண்டு பதிப்புகளை வாங்க வைக்க முடியும் என்பது பொருளியலார் இன்னும் கவனியாத உண்மை.

கிரனாடா நிறுவனத்தின் ஷெர்லக் ஹோம்ஸ் வரிசை வேறு வகை. ஜெரமி பிரெட் 1984 முதல் 1994 வரை நடித்தார், படங்கள் 41. கோனன் டாயில் எழுதியவையோ 60. பிரெட் 1995-இல் இறந்தார். பெட்டி முழுமையானது, பொருள் குறையுடையது. இதை வாங்குபவர் ஒவ்வொரு முறையும் படமாகாத கதைகளை விரல் விட்டு எண்ணிப் பெருமூச்சு விடுவார். அந்தப் பெருமூச்சும் விலையில் சேர்த்திதான். டேவிட் சூஷே நடித்த ‘புவாரோ’ 1989-இல் தொடங்கி 2013-இல் முடிந்தது. 70 அத்தியாயங்கள், ஏறக்குறைய எல்லாக் கதைகளும். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதனால்தான் சேகரிப்போர் கூடும் இடங்களில் இதைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை.

தடை: இவையெல்லாம் ஓடிடியில் கிடைக்குமே? விடை: உரிமம் முடிந்த மறுநாள் கிடைக்காது, லாட்ஜ் அறைக்குப் பட்டா கேட்க முடியுமா? இன்னொரு தடை: பிரிட்டன் டிவிடி மண்டலம் 2, இந்தியா மண்டலம் 5, சென்னைக்கு வரவழைத்தால் ஓடுமா? கணினியில் மண்டலத்தை மாற்றலாம், ஆனால் ஐந்து முறைதான். பிறகு அது கடைசியாகத் தேர்ந்த நாட்டிலேயே குடியேறிவிடும். கண்ணாடித்தாளைக் கிழிக்காத மூத்தோருக்கு இச்சிக்கல் இல்லை என்பதையும் குறிக்க வேண்டும்.

இனி, இத்துறையின் தலையாய நூலாகிய ‘டாக்டர் ஹூ’. 1963 நவம்பர் 23 அன்று தொடங்கியது. முதல் ஆறு பருவங்களில் 253 அத்தியாயங்கள். அவற்றில் 90-க்கு மேல் இன்று இல்லை. செல்லரித்ததும் இல்லை, ஆற்றில் விட்டதும் இல்லை. பிபிசியே அழித்தது. வீடியோ டேப் விலை அதிகம், அழித்துவிட்டு மேலே வேறொன்றைப் பதியலாம். மறுஒளிபரப்புக்கோ நடிகர் சங்க ஒப்பந்தம் எல்லை வைத்திருந்தது. பிற்காலத்தில் மனிதர்கள் இதைப் பெட்டியில் போட்டு வாங்குவார்கள் என்று சொல்லியிருந்தால், சொன்னவரை டாக்டரிடம் அனுப்பியிருப்பார்கள்.

ஆயினும் மறைந்த எல்லா அத்தியாயங்களுக்கும் ஒலி உண்டு. டிவி ஸ்பீக்கரின் முன் மைக்கை வைத்து, வீட்டாரைப் பேசாதிருக்கச் சொல்லிப் பதிவு செய்த ரசிகர்களின் கொடை அது. வெளிநாடுகளுக்கு விற்ற பிலிம் பிரதிகள் இன்னொரு வழி. 2013-இல் நைஜீரியாவின் ஜோஸ் நகரில் கிடைத்த பிரதிகளால் 9 அத்தியாயங்கள் மீண்டன. 1966-இல் வந்த ‘த டென்த் பிளானட்’ நான்காம் பகுதி, அதாவது முதல் டாக்டர் உருமாறி இரண்டாமவர் ஆகும் பகுதி, இன்னும் வரவில்லை. உருமாறும் சில நொடிகள் மட்டும் தப்பின.

இத்தனை குறையுள்ள தொடருக்குப் புளூ-ரே வரிசை 2018-இல் தொடங்கியது. முதலில் வந்தது 12-ஆம் பருவம். அடுத்தது 19, அதன்பின் 18. இந்த வைப்புமுறைக்கு உரை காண முயன்றோர் பலர்; தேறினோர் இலர்.

ஜோஸ் நகரக் கண்டெடுப்பில் ‘த வெப் ஆஃப் ஃபியர்’ மீண்டது, ஆறு பகுதிகளில் மூன்றாவது மட்டும் நீங்கலாக. 2014 டிவிடியில் அந்தப் பகுதிக்கு, டிவி திரையிலிருந்து அக்காலத்தில் எடுத்த புகைப்படங்களோடு ஒலியைச் சேர்த்துக் கொடுத்தார்கள். சேகரிப்போர் வாங்கினார்கள். 2021-இல் அதையே அனிமேஷனாக்கி மறுபடி வெளியிட்டார்கள். அதையும் வாங்கினார்கள். இல்லாத 25 நிமிடத்துக்கு இருமுறை பணம் கொடுத்தவர், நிஜப் பிலிம் என்றேனும் அகப்பட்டால் வைப்பதற்கென்று அலமாரியில் இரண்டு விரற்கடை இடம் விட்டிருக்கிறார். அங்கே வீட்டார் வேறெதையும் வைக்கக் கூடாது.