ஒரு கேள்விக்கு எத்தனை இறந்தகாலம்?

கேள்வி: ஆறாவது படிக்கும் என் மகன் 'டிட் யூ வென்ட்?' என்றே கேட்கிறான். எப்படித் திருத்துவது?
– ஒரு வாசகி, லேக் மார்க்கெட், கொல்கத்தா

பதில்: பையன் மேல் தப்பில்லைம்மா. வீட்டில் 'போனாயா?' என்று வாலில் ஓர் 'ஆ' போதும். தெருவில் வங்காளிகள் நடுவே ஒரு 'கி' செருகிக் கேள்வியாக்கிவிடுகிறார்கள். இரண்டிலும் வினைச்சொல்லின் இறந்தகாலம் பத்திரமாக இருக்கும். ஆங்கிலத்தில் 'டிட்' வந்ததுமே அதைப் பிடுங்கிக்கொள்ளும். 'வென்ட்' மறுபடி 'கோ' ஆகிவிடும். 'டிட் யூ கோ?' என்றால் முடிந்தது. 'வாஸ்', 'வெர்' இரண்டும் 'டிட்'டை அண்டவிடாது. வந்த ஆளையே தேடும்போதும் அது வேண்டாம்: 'ஹூ கேம்?' ஷேக்ஸ்பியர் காலத்தில் 'டிட்' இல்லாமலே கேட்டிருக்கலாம். உங்கள் மகன் நானூறு வருடம் லேட்.

லேட்டானாலும் கவலை வேண்டாம்; பியாரி சரண் சர்க்கார் 1850-இல் ஆங்கில அரிச்சுவடி போட்ட ஊர் உங்களுடையது. தொடக்கப் பள்ளியிலிருந்து ஆங்கிலத்தை எடுத்துவிட்டு, 2004-இல் ஒன்றாம் வகுப்புக்கே திரும்பக் கூட்டிவந்ததும் உங்கள் மாநில அரசுதான்!

பையனைத் திருத்த, தினம் சாப்பாட்டு நேரத்தில் நாலு கேள்வி கேளுங்கள்: 'வாட் டிட் யூ ஈட்?', 'வேர் டிட் யூ கோ?' 'டிட் யூ ஸ்டடி?'யை மட்டும் கடைசியில் வையுங்கள். முதலிலேயே கேட்டால் பதில் சொல்லப் பையன் இருக்க மாட்டான்.