விற்போர் மதிப்பீட்டில் மௌனத்தின் இடம்: ஒரு சிற்றாய்வு

இணையத்தில் ஊக்கு வாங்கியவரும் விற்றவருக்கு ஐந்து நட்சத்திரம் இடலாம். வாஷிங் மெஷின் வாங்கியவருக்கும் அதே ஐந்துதான். வாங்குவோரின் உள்ளக்கிடக்கை முழுவதும் இந்த ஐந்துக்குள் அடங்குமா என்பது இவ்வாய்வின் வினா. அடங்காது என்பது முடிவு. இனி, முறைப்படி, அதற்கான சான்றுகளைத் தேடுவோம்.

முதற்கண் மதிப்புரைகளை வகை பிரிப்பாம். “பார்சல் இன்னும் பிரிக்கல, பேக்கிங் சூப்பர்” என ஐந்து இடுவது அட்டைப்பெட்டி வாழ்த்து. “மிக்ஸி நல்லா ஓடுது, டெலிவரி ஆள் மாடி ஏற மாட்டேன்னுட்டார்” என ஒன்று இடுவது இடம் மாறிய வசை. பாவம் கூரியருடையது, பழி விற்றவருக்கு. “ஐந்து நட்சத்திரம் போட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் ஐம்பது ரூபாய்” என்னும் துண்டுச்சீட்டு பெட்டிக்குள் கிடக்க, அதன்படி இடுவது கூலிக்கு மாரடித்தல். பொருளைப் பயன்படுத்திப் பார்த்தபின், விற்றவரைப் பற்றி மட்டும் எழுதுவது நான்காம் வகை. இதற்கு எடுத்துக்காட்டு தேடிக்கொண்டிருக்கிறோம்.

இனி வரலாறு. 1995-ல் ஈபே என்னும் இணையச் சந்தையைத் தொடங்கிய பியர் ஒமிடியார், மறு ஆண்டே விற்பவரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் மதிப்பிடும் முறையைக் கொண்டுவந்தார். நல்லது, நடுத்தரம், கெட்டது என மூன்றே தரம். முகமறியாதவர்களுக்குள் நம்பிக்கை வளர்க்கப் போன இடத்தில் மொய் வளர்ந்தது. நீ வைத்ததையே நான் திருப்பி வைப்பேன். குறை எழுதினால் குறை வரும். 2008-ல், விற்பவர் வாங்குபவருக்குக் குறை எழுத முடியாதபடி ஈபே தடுத்தது. மொய் ஒருவழியானது, பழக்கம் போகவில்லை. கிறிஸ் நாஸ்கோ, ஸ்டீவன் டடேலிஸ் இருவரும் 2015-ல் வெளியிட்ட ஆய்வில், ஈபே விற்பனையாளர்களின் நல்மதிப்புச் சராசரி 99 விழுக்காட்டுக்கும் மேல். இத்தனை உத்தமர்கள் ஒரே சந்தையில் கடை விரித்ததாக எந்தப் புராணமும் சொல்லவில்லை.

அவ்விருவர் செய்தது எளிய காரியம். ஒன்றுமே எழுதாதவர்களையும் கணக்கில் சேர்த்தார்கள். நூறு பேருக்கு விற்றதில் எத்தனை பேர் வாய்திறந்து நல்லது சொன்னார்கள் என்று கேட்டதும் சராசரி 64-க்கு இறங்கிவிட்டது. மௌனம் சம்மதம் என்பார் உளர். பெண் பார்க்கும் இடத்திலேயே அது ஐயத்துக்குரியது. சந்தைக்கு அறவே பொருந்தாது. கசந்தவர் எல்லோரும் திட்டுவதில்லை. வம்பு எதற்கு என்று பேசாமல் அடுத்த கடைக்குப் போகிறவர்களே மிகுதி.

அற்றேல், சோம்பேறிகளும் பேசாமல்தானே இருப்பர் எனின், சோம்பேறிகள் எல்லாக் கடைக்கும் ஏறத்தாழ ஒரே அளவில் வருவர் ஆதலின், ஒரு கடையில் மட்டும் மௌனம் மிகுமாயின் குற்றம் கடையினதே என்க.

ஆயின் மௌனத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட இவ்வெண்ணை விற்பவர் பெயருக்குப் பக்கத்தில் போட்டால் காரியம் கெடும். சும்மா இருப்பவரையெல்லாம் போனில் பிடித்து, “சார், ரெண்டு வார்த்தை நல்லதா போடுங்க சார்” என்று கெஞ்சத் தொடங்கிவிடுவர். எனவே எண்ணை மறைத்து வைத்து, தேடினால் வரும் வரிசையை மட்டும் அதன்படி அடுக்குதல் வேண்டும். ஈபேயில் வாங்குவோரில் ஒரு பகுதியினருக்கு மட்டும் தரமான விற்பனையாளர்களை முன்னே காட்டிச் சோதித்ததில் பயன் தெரிந்ததாக அவ்விருவரும் எழுதுகின்றனர்.

இம்முறை பரவினால், நான்காம் பக்கத்துக்குத் தள்ளப்பட்டவர், நட்சத்திரம் 4.9 இருந்தும் வியாபாரம் ஏன் படுத்தது என்று விளங்காமல் கடைக்கு வாஸ்து பார்ப்பார். வாஸ்துக்காரருக்கு அவர் இடும் நட்சத்திரம் தனி ஆய்வுக்குரியது.