எட்டு மில்லி எமன்

திருவான்மியூரில் கடலுக்கு நாலு தெரு தள்ளி வீடு வாங்கியவர்களுக்குக் காற்று இலவசம். ஜன்னல் கம்பி, கேட்டு, பால்கனி கிரில், ஏ.சி.யின் வெளிப்பெட்டி என்று வழியில் இருப்பதையெல்லாம் தின்றுவிட்டுத்தான் அது வீட்டுக்குள் நுழையும். நம்மவருடைய மாருதி 800 அந்தக் காற்றைப் பல வருடம் குடித்த வண்டி. 2015 டிசம்பர் வெள்ளத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றதும் உண்டு. கம்பெனி 2014 ஜனவரியில் அந்த மாடலைத் தயாரிப்பதை நிறுத்திவிட்டது. நம்மவர் ஓட்டுவதை நிறுத்தவில்லை.

ஒரு நாள் அடியிலிருந்து படபடவென்று சத்தம். யாரோ புல்லட் வாங்கிவிட்டார்கள் என்று தெருவே எட்டிப் பார்த்தது. மெக்கானிக் குனிந்து பார்த்துவிட்டு, “சைலன்சர் பேக்கிங் போயிடுச்சு சார். ரெண்டு போல்டு கழட்டணும், அரை மணி வேலை. காலைல வர்றேன்” என்றார். கார் ரிப்பேரில் அரை மணி வேலை என்பது கல்யாண வீட்டில் ‘இதோ பந்தி போட்டாச்சு’ என்பதைப் போல.

சைலன்சர் துருப்பிடிக்கக் கடல்கூட வேண்டியதில்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் புகையோடு கிளம்புகிறது. நம்மவர் வண்டி எடுப்பது காய்கறி வாங்கத்தான். குழாய் நன்றாகச் சூடேறுவதற்குள் மார்க்கெட் வந்துவிடும், ஆவி தண்ணீராகி உள்ளேயே தங்கிவிடும். உள்ளே இந்த ஈரம், வெளியே உப்புக் காற்று, நடுவில் மாட்டிக்கொண்டது போல்டு. இரும்பு துருவானால் பழைய அளவில் அடங்காது. தான் தின்ற இரும்பைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். மரைகளுக்கு நடுவே இருக்கும் மயிரிழை இடைவெளியில் அது உட்கார்ந்துவிட்டால், அப்புறம் நட்டு வேறு, போல்டு வேறு என்ற பேதமில்லை. சுத்த அத்வைதம்.

மெக்கானிக் காலையில் வருவதற்குள், மாலையிலேயே பக்கத்து வீட்டு ரிட்டயர்டு அதிகாரி ஸ்பேனரோடு வந்துவிட்டார். “இதுக்கெல்லாம் மெக்கானிக்கா? நகருங்க சார்.”

அவர் கொண்டுவந்தது 12-13 ரிங் ஸ்பேனர். ஒரு முனை 12, மறுமுனை 13. எட்டு மில்லி போல்டு என்றால் உலகத்தில் பெரும்பாலும் தலை 13 மில்லி. ஜப்பான்காரன் வண்டியில் அது 12. மாருதிக்கு ஜாதகம் எழுதியது சுஸுகி. சார் மாட்டியது 13. இரண்டு இழுப்பில் அறுகோணத் தலை கிட்டத்தட்ட உருண்டையானது. “லூசா இருக்கே” என்று ஸ்பேனரைத் திருப்பி 12-ஐத் தட்டி ஏற்றினார். அதுவும் அசையாமல் போகவே, மொட்டை மாடியில் கிடந்த இரண்டடி ஜி.ஐ. பைப்பைக் கொண்டுவந்து ஸ்பேனரில் சொருகினார்.

இங்கே கொஞ்சம் கணக்கு. அந்த அளவு போல்டை இறுக்கச் சாதாரணமாக 25 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை போதும். இரண்டடிப் பைப்பின் நுனியில் ஒருவர் தன் உடம்பில் 40 கிலோவைச் சாய்த்தால் 240 நியூட்டன் மீட்டர். அதாவது போல்டு கேட்டதைப்போலப் பத்து மடங்கு. ‘டக்’ என்ற சத்தத்தோடு வேலை முடிந்தது. ஸ்பேனரின் வளையத்துக்குள் தலை மட்டும் பத்திரமாக இருந்தது.

“ஒருவேளை இது லெஃப்ட் மரையோ?” என்றார் அதிகாரி. இடப்பக்கம் திரும்பும் மரை சைக்கிளின் இடது பெடலில் உண்டு. சைலன்சரில் இல்லை.

முறிந்த போல்டுக்குத் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் ஆளுக்கொரு எண்ணெயைச் சிபாரிசு செய்தார்கள். மாடி வீட்டு மாமா மண்ணெண்ணெய் என்றார். எதிர் வீட்டுப் பையன் டபிள்யூ.டி. 40 டப்பாவோடு வந்து அதன் வரலாற்றையும் சொன்னான். 1953-இல் அமெரிக்காவின் சான் டியாகோவில், ஈரத்தை விரட்டுவதற்காக நாற்பதாவது முயற்சியில் கிடைத்த கலவை. அட்லஸ் ஏவுகணையின் மேல்தோல் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசினார்களாம். ஏவுகணையைக் காப்பாற்றியது நல்லதுதான். ஆனால் தலை போன போல்டுக்கு எண்ணெய் என்பது கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அப்படியும் விடாமல் இரண்டையும் இரண்டு போல்டின் மேலும் ஊற்றினார்கள்.

“டெல்லி இரும்புத் தூண் 1600 வருஷமா துருப்பிடிக்கலையே, நம்ம முன்னோர்கள் என்ன முட்டாள்களா?” என்று இன்னொருவர் ஆரம்பித்தார். அந்தத் தூணை நுணுக்கமாக ஆராய்ந்தவர் கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம். இரும்பில் பாஸ்பரஸ் மிகுந்திருப்பதால் மேலே ஒரு காப்புப் படலம் படிந்திருக்கிறது என்று அவர் விளக்கினார். ஆனால் பாஸ்பரஸ் கூடினால் இரும்பு சட்டென முறியும். இன்றைய எஃகு ஆலைகள் பாடுபட்டு அதை வெளியே தள்ளுவது அதனால்தான். முன்னோர் போல்டாக இருந்திருந்தால் அதிகாரிக்குப் பைப்பே தேவைப்பட்டிருக்காது.

காலையில் மெக்கானிக் வந்தார். “யாரு சார் கை வெச்சது?” கூட்டம் முழுவதும் வேப்பமரத்துக் காக்காயைப் பார்த்தது.

நடுவில் துளை போட்டு, இடப்பக்கம் புரியுள்ள எக்ஸ்ட்ராக்டரைச் சொருகித் திருகலாமே என்று நம்மவர் மெல்லக் கேட்டார். யூடியூப் உபயம். மெக்கானிக் சிரித்தார். முறிந்த முகம் சமமாக இருக்காது, டிரில் வழுக்கிக்கொண்டு ஓரத்துக்குப் போகும். எக்ஸ்ட்ராக்டரோ கெட்டியான எஃகு. அது உள்ளே முறிந்தால் சாதாரண டிரில் அதன் மேல் பல்லிளிக்கும். மின்பொறியால் அரித்தெடுக்கும் மெஷினைத் தேடி அலைய வேண்டியதுதான்.

அவர் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றினார். சுற்றிலும் ஈரச் சாக்கு போட்டார். வெளியே துருத்திக்கொண்டிருந்த மூன்று மில்லித் துண்டைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, அதன் மேல் பத்து மில்லி நட்டு ஒன்றை உட்காரவைத்து, துவாரத்துக்குள் வெல்டிங் ராடை இறக்கினார். நட்டு ஆரஞ்சாகி, சிவந்து, மெல்லக் கறுத்தது. அப்போதுதான் சட்டைப் பையிலிருந்து மெழுகுவத்தியை எடுத்தார். மரை தொடங்கும் இடத்தில் தொட்டதும் மெழுகு புகைந்து, கோடாக ஓடி, உள்ளே மறைந்தது. எஃகு ஒவ்வொரு டிகிரிக்கும் பத்து லட்சத்தில் 12 பங்கு நீளும். 500 டிகிரியில் எட்டு மில்லி போல்டு அரை முடியளவுதான் பருக்கும். சூடேறிப் பருத்து, ஆறிச் சுருங்கும் அந்த ஆட்டத்தில் துரு நொறுங்குகிறது. நொறுங்கிய சந்தில் மெழுகு இறங்குகிறது. எண்ணெய் விஷயத்தில் எத்தனை கட்சி இருந்தாலும் நெருப்புக்குத்தான் ஓட்டுப் போட வேண்டும்.

ஸ்பேனரை மாட்டி, முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம். கிறீச்சென்று ஒரு முனகல். காபிப்பொடி நிறத்தில் துரு உதிர்ந்தது. கால் சுற்று, அரைச் சுற்று, பிறகு புதுத் தலையோடு போல்டு வெளியே வந்தது. தெரு கைதட்டியது.

“இனிமே ரெண்டாவது போல்டு” என்று நம்மவர் பெருமூச்சோடு சாக்கைத் திரும்ப நனைக்கப் போனார். அதே வயசு, அதே காற்று, அதே வெள்ளம்.

“அதை அப்பவே கழட்டிட்டேன் சார்” என்றான் மெக்கானிக்கின் பையன். அவன் கையில் வெறும் 12 ஸ்பேனர்.

“நான் ஊத்தின மண்ணெண்ணெய்தான்” என்றார் மாடி வீட்டு மாமா. எதிர் வீட்டுப் பையன் டப்பாவைத் தூக்கிக் காட்டினான். “நேத்து நான் ஒரு ஆட்டு ஆட்டி வெச்சிருந்தேன்” என்றார் அதிகாரி.