மொய் நோட்டில் ஒரு நாடு

நம்மூர்க் கல்யாணத்தில் "மேலத்தெரு மாமா ஐந்நூற்றொன்று" என்று மைக்கில் சொல்லிவிட்டால் சொன்னதுதான். மாமாவுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் பிறகு வெட்டுக்குத்தே நடந்தாலும் நோட்டில் ஏறிய மொய்யை யாரும் அடிப்பதில்லை. உலக அரசுகளுக்கு அந்த நாணயம்கூடக் கிடையாது. 'அங்கீகாரம்' என்ற பெயரில் அவை வைக்கும் மொய்யைப் பந்தி முடிவதற்குள் பிடுங்கிக்கொண்டும் போகலாம்.

2008 பிப்ரவரி 17 அன்று கொசோவோ செர்பியாவிலிருந்து சுதந்திரம் அறிவித்தது. மறுநாளே அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் எல்லாம் மொய் எழுதின. கூடவே வாஷிங்டன் ஓர் எச்சரிக்கையும் விட்டது: இது தனி ரகம், வேறு யாரும் இதை முன்னுதாரணமாகக் காட்டக் கூடாது! 1999இல் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கொசோவோ அல்பேனியர்கள் எல்லைக்கு வெளியே துரத்தப்பட்டார்கள். உண்மைதான். ஆனால், வீட்டைவிட்டு விரட்டப்பட்ட ஜனம் உலகத்தில் அது ஒன்றுதானா? மற்றவர்கள் அழுவது வல்லரசுகளின் காதில் எந்த ரகமாக விழுகிறது?

பிறகு தொடங்கியது வசூல். "நீங்கள் எப்போது எழுதுகிறீர்கள்?" என்று ஊர் ஊராக அமெரிக்கத் தூதர்கள். "எழுதிவிட்டீர்களா? அடித்துவிடுங்கள்" என்று அவர்கள் பின்னாலேயே செர்பியத் தூதர்கள். 2017இல் சுரினாம் அடித்தது. இன்னும் சில நாடுகளும் அடித்தன.

2008இல் கொசோவோவின் அறிவிப்பை எதிர்த்து இறையாண்மை, எல்லை, சட்டம் என்று தொண்டை கிழியக் கத்திய மாஸ்கோ, அடுத்த ஆறே மாதத்தில் ஜார்ஜியாவிலிருந்து பிய்த்த அப்காசியாவுக்கும் தெற்கு ஒசேத்தியாவுக்கும் மொய் வைத்தது. 2014இல் கிரிமியாவை விழுங்கியபோது அது எடுத்துக்காட்டியது எதை? தான் இன்றுவரை ஏற்காத அதே கொசோவோவை!

ஸ்பெயினுக்குக் கட்டலோனியா பயம், சைப்ரஸுக்கு வடக்குச் சைப்ரஸ் பயம். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஐந்து நாடுகள் பந்தியில் உட்காராமல் வாசலிலேயே நிற்கின்றன. சுதந்திர அறிவிப்பு சர்வதேசச் சட்டத்தை மீறவில்லை என்று 2010இல் சர்வதேச நீதிமன்றமே சொன்னது. ஐந்தில் ஒன்றுகூட அசையவில்லை. நீதிமன்றத்தின் கருத்துக்கு மொய் நோட்டில் பத்தி ஏது?

வைத்த மொய்க்குச் செய்முறை வேண்டாமா? 2020 செப்டம்பரில் வெள்ளை மாளிகையில் டிரம்ப் முன்னிலையில் கணக்குத் தீர்ந்தது. இஸ்ரேல் கொசோவோவை ஏற்கும். கொசோவோ தன் தூதரகத்தை ஜெருசலேமில் திறக்கும். அங்கீகாரத்துக்கு ஏங்கிய ஒரு ஜனத்தின் கையாலேயே, அங்கீகாரத்துக்கு ஏங்கும் இன்னொரு ஜனத்தின் தலையில் கல்லைப் போட வைத்தார்கள். போட்டு முடித்ததும் புகைப்படமும் எடுத்துக்கொண்டார்கள்.

எல்லோரையும்விட விவரமான விருந்தாளி நவுரு. பசிபிக்கில் 21 சதுர கிலோமீட்டர் தீவு. 2008இல் கொசோவோவை ஏற்றது. 2009இல் மாஸ்கோவின் அப்காசியாவையும் ஏற்றது; அதற்கு 5 கோடி டாலர் கேட்டதாக ரஷ்யப் பத்திரிகையே எழுதியது. 2019இல் கொசோவோவுக்கு வைத்ததை எடுத்துக்கொண்டது. ஒரே பந்தியில் இரண்டு வீட்டுச் சாப்பாடு. போகும்போது வாழையிலையையும் சுருட்டிக்கொண்டு போன கதை.

ரஷ்யாவும் சீனாவும் தடுப்பதிகாரத்தோடு வாசலை மறித்திருக்க, ஐ.நா.வில் கொசோவோவுக்கு இன்னும் நாற்காலி இல்லை. நவுருவுக்கு 1999 முதலே இருக்கிறது.